ஊட்டிச் சரிவில் பஃப் பேனல் வீடு: சுவர் தேறும், மூட்டுதான் சோதிக்கும்

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தில் 50 மி.மீ. பஃப் பேனல் (இரு மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை) பூட்டிய இரண்டு அறை வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். பஃப் பேனல் பத்துப் பன்னிரண்டு கிலோதான். எடை குறையக் குறைய நிலநடுக்க விசையும் குறையும். 1900இல் கோவைப் பக்கமே குலுங்கியிருக்கிறது, அலட்சியம் வேண்டாம். ஆனால் அடித்தகட்டை நங்கூர போல்ட் போட்டுக் கான்கிரீட்டில் பிடிக்காவிட்டால் ஆடிக் காற்று தூக்கிவிடும்.

கோளாறு மூட்டில்தான். திருகை மிஞ்சி இறுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கி, வெயிலில் வெடித்து, மழைநீர் துருக்கோடாக உள்ளே இறங்கும். வெட்டிய ஓரத்துக்குத் துத்தநாக பெயிண்ட் கட்டாயம். பனிமூட்டத்தில் உட்சுவர் வியர்க்கும். காற்றுத் துவாரம் விடுங்கள். பஃப் தீப்பிடிக்கும், அடுப்படிக்கு ராக்வுல் (கல்லிழை) பேனலே சரி. நீளப் பேனல் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் திணறும். 6 மீட்டருக்குள் கேளுங்கள்.