நீரும் பென்சீனும்: டிடபிள்யூசிம் மென்பொருள் எவ்வளவு நம்பகமானது?

கச்சா எண்ணெய் வடிப்புக் கோபுரத்தின் உச்சியில் நாஃப்தா என்ற இலகுவான எண்ணெயின் ஆவியும் நீராவியும் சேர்ந்து குளிரும்போது வாயு, எண்ணெய், நீர் ஆகியவை எந்த அளவில் பிரியும் என்பதைக் கணிக்க, உரிமக் கட்டணம் கட்ட இயலாத சிறு அலுவலகங்களும் மாணவர்களும் டிடபிள்யூசிம் என்ற இலவச பிராசஸ் சிமுலேட்டரை, அதாவது வேதி ஆலைகளின் இயக்கத்தைக் கணினியில் கணிக்கும் மென்பொருளை நாடலாம். மூலநிரல் திறந்தது, லினக்ஸிலும் இயங்கும், கல்வியில் திறந்த மூலநிரல் மென்பொருள்களை ஊக்குவிக்கும் மும்பை ஐஐடியின் ஃபாஸி (FOSSEE) திட்டம் இதனை நம் கல்லூரிகளில் பரப்பி வருகிறது.

எண்ணெய்க்கு எளிய எடுத்துக்காட்டாகப் பென்சீன் என்ற ஹைட்ரோகார்பனை எடுத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாஷ் அமைப்பு, அதாவது கலவை எத்தனை நிலைகளாகப் பிரியும் என்று கணக்கிடும் முறையின் தேர்வு. ஆவி, திரவம் என்ற இரண்டை மட்டும் கணக்கிடும் முறையை வைத்துக்கொண்டால், நீரும் பென்சீனும் முழுமையாகக் கலந்த ஒரே திரவம் என்று திரையில் வரும். அப்படி ஒரு திரவம் எந்தத் தொட்டியிலும் கிடையாது. இரண்டு திரவங்களையும் தேடும் முறையைத் தேர்ந்த பிறகு, விடையைக் கையாலேயே சோதித்துவிடலாம். 69 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 224 மி.மீ. பாதரசம், பென்சீனுடையது சுமார் 536. கூட்டினால் 760, அதாவது ஒரு வளிமண்டலம். ஆகவே 80 டிகிரியில் கொதிக்கும் பென்சீன், நீருடன் இருக்கையில் 69-இலேயே கொதிக்கிறது. ஆவியின் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர். மென்பொருளின் கொதிநிலை இதற்கு அருகில் வராவிட்டால், எங்கோ அமைப்பு தவறியிருக்கிறது என்று கொள்க.

சிக்கல் நீர் அடுக்கில்தான் இருக்கிறது. எண்ணெய், வாயுக் கணக்குகளில் பெரிதும் பயன்படும் பெங்-ராபின்சன் சமன்பாட்டில், ஒரு ஜோடிச் சேர்மங்கள் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கும் என்பதைச் சொல்ல ஒரே ஓர் இடைவினைக் குணகம்தான். எண்ணெயில் கரைந்த நீருக்குப் பொருந்துமாறு அதனை அமைத்தால், நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் பிணைப்பை அறியாத அச்சமன்பாடு, நீரில் கரையும் ஹைட்ரோகார்பனை மிகமிகக் குறைத்துக் காட்டும். இது சமன்பாட்டின் குறையே அன்றி மென்பொருளின் குறை அன்று. ஆயினும் 25 டிகிரியில் லிட்டருக்கு 1.8 கிராம் பென்சீன் நீரில் கரையும் என்ற உண்மை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பை வடிவமைப்பவருக்குச் சிறிய விஷயமல்ல.

அத்தகைய வேலைக்கு, அளந்த கரைதிறன்களுக்குப் பொருத்திய என்ஆர்டிஎல் (NRTL) என்ற திரவக் கலவைக் கணக்கு மாதிரியை எடுத்துக்கொள்வதே சரி. அதற்கான குணகங்களை நாமே உள்ளிட இந்த மென்பொருள் இடம் தருவது எனக்குப் பெரிதும் பிடித்தது. உயர் அழுத்த மீத்தேன் கலந்த குழாய் ஓட்டங்களுக்கு மட்டும் என்ஆர்டிஎல் உதவாது. அங்கே ஹைட்ரஜன் பிணைப்பையும் கணக்கில் கொள்ளும் சிபிஏ (CPA) போன்ற சமன்பாடுகளே தேவை.