இதழ்களின் மேற்கோள் தாக்கத்தை அளக்க ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’

ஆன்-வில் ஹார்சிங் 2006-இல் வெளியிட்ட ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’ என்னும் இலவச மென்பொருள், சமூக அறிவியல் இதழொன்றின் மேற்கோள் தாக்கத்தை (அதன் கட்டுரைகள் பிற ஆய்வுகளில் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்பதை) அளக்க விரும்புவோருக்கு, குறிப்பாகக் கட்டணத் தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்த இயலாத கல்லூரிகளுக்கு, நான் தயங்காமல் பரிந்துரைக்கும் கருவியாகும். இதழின் பெயரையும் ஆண்டுகளையும் கொடுத்தால், ஆய்வு நூல்கள், கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரிலிருந்து தரவுகளைத் திரட்டி, மொத்த மேற்கோள்கள், எச்-குறியீடு (குறைந்தது 10 மேற்கோள்கள் வீதம் பெற்ற கட்டுரைகள் 10 இருந்தால் அது 10), அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் ஜி-குறியீடு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தருகிறது.

இதன் உண்மையான பலம் அந்தத் தரவின் பரப்பில் இருக்கிறது. இதழ்களை மதிப்பிட வழக்கமாகப் பயன்படும் ‘தாக்கக் காரணி’ (impact factor) என்னும் அளவு, முந்தைய 2 ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. சமூகவியலிலோ பொருளியலிலோ ஒரு கட்டுரை நூல்களிலும் ஆய்வேடுகளிலும் எடுத்தாளப்படப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், அவற்றையும் உள்ளடக்கும் இந்த அளவீடே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எனினும், மும்பையிலிருந்து வெளிவரும் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ போன்ற வார இதழை அளக்கும்போது கவனம் தேவை. கூகுள் ஸ்காலர் ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 1,000 முடிவுகளையே தருவதால் ஆண்டுவாரியாகப் பிரித்துத் தேட வேண்டும். இருமுறை பதிவான கட்டுரைகளை நாமே ஒன்றிணைக்க வேண்டும். அடுத்தடுத்து வேகமாகத் தேடினால் தற்காலிகத் தடையும் நேரலாம் என்பதால், அவசர அறிக்கைகளுக்கு இதை நம்பியிருக்க வேண்டாம்.