செம்பனை அறுக்கும் ஃபைபர் கோல்: நீளம் கூடினால் பலம் என்ன ஆகும்?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் மரங்கள் உயர்ந்துவிட்ட தோட்டங்களில் குலை அறுக்கக் கண்ணாடி இழைக் கோலை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். மட்டை விழுந்தால் அலுமினியம் நசுங்கும், வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், கண்ணாடி இழைக் கோல் நிமிர்ந்துகொள்ளும். கார்பன் கோல் இன்னும் இலேசு. ஆனால் கார்பனில் மின்சாரம் பாயும் என்பதால் மின்கம்பி ஓர நிரைகளில் அதைத் தூக்கவே கூடாது.

கடையில் காட்டும் பலக் கணக்கைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரே திசை இழைக்கு வழக்கமான இழுவைச் சோதனைத் துண்டு 250 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன்தான். பிடிகளுக்கு இடையில் சோதனைக்குள்ளாவது ஏறக்குறைய 2,000 கன மி.மீ. 40 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள 6 மீட்டர் கோலில் சுமார் 21 லட்சம் கன மி.மீ. இருக்கிறது. ஆயிரம் மடங்கு பொருள் என்றால், மோசமான குறை ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். பொருள் கூடினால் பலம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் வெய்புல் கணக்கில், சீர்மை எண் (தரம் எவ்வளவு ஒரே சீராக இருக்கிறது என்பதன் அளவு) 20 என்று வைத்தால் பலம் சுமார் 30 விழுக்காடு குறையும். தயாரிப்பு ஏனோதானோவென்று இருந்து எண் 10க்கு இறங்கினால் பாதியாகிவிடும். வளையும் கோலில் பிடிக்கு அருகே வெளிப்புற இழைகள்தான் முழுப்பாரம் தாங்குவதால் உண்மை இழப்பு இதைவிடக் குறைவு.

இழையிலேயே இந்தக் குணம் உண்டு. 1921இல் வெளியான பொறியாளர் கிரிஃபித்தின் ஆய்வில் 1 மி.மீ. தடிமன் கண்ணாடி சுமார் 170 மெகாபாஸ்கலில் அறுந்தது, 3.3 மைக்ரான் இழையோ சுமார் 3,400 வரை தாங்கியது. இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசையான ரெசின் செய்யும் பெரிய உபகாரம், ஓர் இழை அறுந்தாலும் பாரத்தைப் பக்கத்து இழைகளுக்குக் கடத்திவிடுவது. அதனால்தான் கோல் தனி இழை அளவுக்கு நீளத்துக்குப் பயப்படுவதில்லை.

நீளக் கோல் தொங்குவதைப் பார்த்து 'பலம் போச்சு' என்கிறார்கள். அது விறைப்புச் சங்கதி. பொருளின் விறைப்பு அளவைப் பொறுத்து மாறாது, வளைவுதான் நீளத்தோடு கூடும். 6 மீட்டரை 9 ஆக்கினால் நுனிப் பாரத்துக்கு வளைவு 3.4 மடங்கு, சொந்த எடைக்கு 5 மடங்கு. அதற்கு மருந்து விட்டத்தைக் கூட்டுவது.

அதிகக் கோல்கள் சாவது துளையில். அரிவாளைப் பூட்ட போல்ட்டுக்குத் துளை போட்டதும் இழை வெட்டுப்பட்டு, நீளவாக்கில் வெடிப்பு ஓடும். இழையும் ரெசினும் சேர்ந்த இந்தக் கலவைப் பொருளில் துளை பெரிதானால் பலம் கூடுதலாக அடிபடும். ஏனென்றால் சின்னத் துளையைச் சுற்றி உச்ச அழுத்தம் பரவும் இடம் குறுகல். துளையே வேண்டாம்: ரப்பர் ஷீட் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

அடிபட்ட கோலுக்கு ஒட்டுப்போடும்போது தடிமனை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ரெசின் இறுகும் சூடு நடுவில் தேங்கி, குமிழும் உள்வெடிப்பும் வரும். மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, ஓரத்தைச் சாய்வாக்கி, மூன்று அடுக்குப் போட்டுச் சூடு ஆறிய பிறகே அடுத்தது. பாலியஸ்டர் ரெசின் என்றால், அதை இறுக வைக்கும் கெட்டிப்பானை 2 விழுக்காட்டுக்கு மேல் விடவேண்டாம். நம் வெயிலுக்கு 1 போதும்.

மாதம் ஒருமுறை காசால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் மந்தமானால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. அது பிடிக்கு அருகே என்றால் கோலை ஒதுக்கிவிடுங்கள். நுனிப்பக்கம் என்றால் வெட்டி, குட்டை மரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.