பராபவ வருஷப் பஞ்சாங்கம்: சிருஷ்டி கணக்குக்காகவே வாங்கலாம்

மயிலாப்பூர் மாட வீதியில் பூஜை சாமான் கடை ஒன்றில் வாங்கியது, வாக்கியப் பஞ்சாங்கம், விலை நூறு ரூபாய்க்குள். ராசிபலன், ஆதாய விரயம், முகூர்த்த நாள் எல்லாம் எதிலும் இருப்பதுதான், விட்டுவிடலாம். என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது சிருஷ்டி கணக்குப் பக்கம், அதாவது படைப்பு தொடங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்ற கணக்கு.

பூஜை தொடங்கும்போது சொல்லும் சங்கல்பத்தில் ‘ஸ்வேத வராஹ கல்பே, வைவஸ்வத மன்வந்தரே’ என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, காலத்தில் நாம் இருக்கும் விலாசம் அது. அதை இந்தப் புத்தகம் எண்ணாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. ஒரு சதுர்யுகம் 43,20,000 வருஷம், அப்படி ஆயிரம் சேர்ந்தால் பிரம்மாவுக்கு ஒரு பகல், அதுதான் கல்பம், அதில் ஆறு மனுக்களின் காலம் முடிந்து, ஏழாவது மனுவின் 28-ஆவது சதுர்யுகத்தில் கலி பிறந்து 5,127 வருஷம் ஓடிவிட்டது, ஆக கல்பம் தொடங்கி 197 கோடியே 29 லட்சத்து 49 ஆயிரத்து 127 வருஷம். இதோடு நிற்கவில்லை. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின்படி பிரம்மா படைத்து முடிக்கவே 1,70,64,000 வருஷம் ஆனது, அதைக் கழித்து 195 கோடியே 58 லட்சத்து 85 ஆயிரத்து 127 என்று இன்னொரு கணக்கும் உண்டு. எத்தனையோ பஞ்சாங்கங்களில் ஏதோ ஓர் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள், இரண்டு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏன் ஒத்துவரவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் பதில் கிடைக்காது. இதில் கிடைக்கிறது, அதற்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் ஒரு பெரிய வருத்தம். பங்குனிப் பக்கத்தில் யுகாதிக்கு நேரே ‘தெலுங்கு வருடப் பிறப்பு’ என்று மட்டும் இருக்கிறது. யுகாதி நாளான சைத்ர மாதம் சுக்ல பிரதமையன்று, சூரிய உதயத்தில் பிரம்மா உலகைப் படைத்தார் என்கிறது பிரம்ம புராணம். நமக்குச் சித்திரை ஒன்றுதான் வருஷப் பிறப்பு, சரி, அதற்காகப் படைப்பு நாள் தெலுங்கு வீடுகளுக்கு மட்டும் உரியதாகிவிடுமா? யூதர்கள் தங்கள் ஆண்டையே படைப்பிலிருந்து எண்ணி, இப்போது 5786 என்கிறார்கள், தங்கள் புத்தாண்டு நாளான ரோஷ் ஹஷானா அன்று அதை நினைத்து வழிபடுகிறார்கள். இவ்வளவு சிரத்தையாக வயதைக் கணக்கிட்டவர்கள், அந்த நாளுக்கு ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

எழுத்து ரொம்பப் பொடி, பெரியவர்களுக்குக் கஷ்டம். இன்றைய வானியல் கணிப்பில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கிற வீடு என்றால் திதி நேரத்துக்கு இதை எடுக்காதீர்கள், இரண்டுக்கும் மணிக்கணக்கில்கூட வித்தியாசம் வரும்.