அயிரையா, கெண்டைப்பொடியா?

கண்மாய் வற்றும் நாட்களில் காரைக்குடிச் சந்தைக்குப் போனால் அயிரை, சின்னக் கெண்டை என்ற இரண்டு பொடி மீன்களும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் கிடக்கும். அயிரை விலை கூட, கெண்டை மலிவு. ஆனால் வேலைக் கணக்கு தலைகீழ்.

கெண்டைக்குச் செதில் உரசணும், குடல் எடுக்கணும், அப்புறம் நடுச்சதையில் கிளை கிளையாக இருக்கும் முள்ளோடு மல்லுக்கட்டணும். அயிரையை மண்சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி அலசினால் சரி, தலையோடு முழுசாகக் குழம்பில் போய்விடும். மணலில் புதைந்து வாழும் மீன் என்பதால், உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார் எங்கள் ஆச்சி. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும், சாப்பிடும்போது மறந்துவிடும்.

கெண்டைகளை 1822இல் இயற்கை ஆய்வாளர் ஹாமில்டன் வகுத்த பன்டியஸ் பேரினத்தில்தான் வெகுகாலம் அடைத்து வைத்திருந்தார்கள். 2012இல் பெத்தியா, டாக்கின்சியா எனச் சில தனிப் பேரினங்களாகப் பிரிந்தன. வாலடியில் கரும்புள்ளி வைத்த சோஃபோர் என்ற கெண்டை இனம் பன்டியஸிலேயே தங்கிவிட்டது. அயிரையின் அறிவியல் பெயரில் உள்ள 'தெர்மாலிஸ்' வெந்நீரைக் குறிப்பது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் 1846இல் வந்த பெயர்.

பொரிக்கக் கெண்டை, மொறுமொறுவென்றால் முள்ளும் தெரியாது. புளிக்குழம்புக்கு அயிரைதான், அதுவும் மறுநாள்.