நிஷான்யன் அகராதியும் ‘ஒகுமக்’ என்னும் வினைச்சொல்லும்

துருக்கிய மொழி பயில்வோருக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் சொற்பிறப்பு அகராதிகளுள், செவான் நிஷான்யன் தொகுத்ததையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 2002இல் நூலாக வெளிவந்து, பின்னர் இணையத்தில் தொடர்ந்து விரிவாக்கப்பட்டு வரும் இவ்வகராதியின் பயனை அறிய, ‘ஒகுமக்’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பார்த்தாலே போதும்.

‘ஒகுமக்’ என்றால் படித்தல் என்றுதான் தொடக்கநிலைப் பாடங்களில் சொல்லித் தருவார்கள். ஆனால் பாங்கு சொல்வதற்கும், பாட்டுப் பாடுவதற்கும், பல்கலைக்கழகத்தில் பயில்வதற்கும், நோயாளிக்கு ஓதி ஊதுவதற்கும் துருக்கியர் இதே வினையைத்தான் ஆளுகிறார்கள்; ‘மெய்தான் ஒகுமக்’ என்றால் சவால் விடுதல் (அந்த மெய்தான் வேறொன்றுமல்ல, நம் மைதானமேதான்). படிப்புக்கும் சவாலுக்கும் என்ன உறவு என்று திகைப்பவருக்கு இவ்வகராதியில் விடை இருக்கிறது. பழந்துருக்கியில் ‘ஒகி’ என்னும் வினையடிக்குக் கூவி அழைத்தல் என்ற பொருளும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தொகுத்த அகராதியிலேயே ஏட்டைப் படிப்பதும் ஆளை அழைப்பதும் இந்த ஒரே வினையில் அடங்குகின்றன. எதிரியைக் களத்துக்கு அழைப்பதே சவால் என்று கொண்டால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் வட்டார வழக்கில் இப்பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. திருமணத்துக்கு அழைக்கும்போது வீடுவீடாகக் கொடுக்கப்படும் துணி, துண்டு போன்ற சிறு அன்பளிப்புக்கு அங்கே ‘ஒகுந்து’ என்று பெயர்.

பள்ளியைக் குறிக்கும் ‘ஒகுல்’ இன்னும் சுவையானது. 1930களின் மொழிச் சீர்திருத்தத்தில் ‘மெக்தெப்’ என்ற அரபுச் சொல்லை விலக்குவதற்காக இவ்வினையடியிலிருந்து ஆக்கப்பட்ட சொல் அது. பள்ளியையே குறிக்கும் பிரெஞ்சு ‘எகோல்’ காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதை ஆக்கினார்கள் என்ற ஐயம் எனக்கும் உண்டு.

குறைகளும் இல்லாமலில்லை. விளக்கங்கள் துருக்கிய மொழியிலேயே இருப்பதால், அடிப்படை இலக்கணமாவது அறியாதவர் இதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. வேரையும் வரலாற்றையும் தேடுபவருக்கு ஏற்ற அகராதியே தவிர, இன்றைய மரபுத்தொடர்களுக்கு இது போதாது. ஒருவரை ஒருவழி பண்ணிவிடுவதைச் சொல்லும் ‘ஜானினா ஒகுமக்’ போன்றவற்றுக்கு, 1932இல் நிறுவப்பட்ட துருக்கிய மொழிக் கழகத்தின் இணைய அகராதியையே நாட வேண்டும். அதுவும் இலவசமே என்பதால், இரண்டையும் அருகருகே திறந்துவைத்துக்கொள்வதே நல்லது.