நாய்க்குக் குளியல் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? எங்கள் மல்லிக்கு நடந்ததைப் படித்துவிட்டு எடுங்கள்

மல்லி எங்கள் வீட்டு லேப்ரடார். ஐந்து வயது, பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறம். நவம்பரில் அவள் வயிற்றிலும் முன்கால்களிலும் முடியே இல்லை. தோல் கருத்து, தடித்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. குளிக்காமல் விட்டதால் வந்ததில்லை இது. காசு கொடுத்து வாரந்தவறாமல் குளிப்பாட்டி நானே வரவழைத்தது.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில். ஆகஸ்ட் மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு குளியல் வண்டி வர ஆரம்பித்தது. வேனுக்குள்ளேயே தொட்டி, தண்ணீர், டிரையர் எல்லாம் உண்டு. பெயரை இங்கே போடவில்லை. இந்த மாதிரி வண்டிகள் நிறைய ஓடுகின்றன, நாளைக்கே வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வரலாம். வந்த பையன் நன்றாகப் பேசினான். “வாரம் ஒரு குளியல்க்கா, மூணு மாசத்துக்கு 12. ஒண்ணு 800 கணக்குல 9,600 ரூபா. ஸ்மெல்லே இருக்காது” என்றான். பக்கத்தில் நின்ற அம்மா, “நாமளே சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறோம், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவன் சொன்ன எண்ணுக்கு ஜிபே செய்தேன். பில் கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

முதல் இரண்டு வாரம் மல்லி பளபளவென்று இருந்தாள். மகன் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினான். ஷாம்பு ஐந்து லிட்டர் வெள்ளை கேனில் வரும், மேலே லேபிள் கிடையாது. கேட்டால் “மெடிக்கேட்டட்க்கா” என்பான். முந்தைய வீட்டு நாயைத் துவட்டிய அதே துண்டு, அதே சீப்பு. டிரையரை ஐந்து நிமிடம் காட்டிவிட்டு “மீதி வெயில்ல காஞ்சிடும்” என்று இறக்கிவிடுவார்கள். லேப்ரடாருக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு முடி உண்டு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். விரலை உள்ளே விட்டால் ராத்திரி வரைக்கும் ஈரம். எனக்கு அது தெரிந்தும் ஒரு நாள்கூட வாய்திறந்து கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் சொறிய ஆரம்பித்தாள். முதுகில் பொடுகு மாதிரி உதிர்ந்தது. குளித்த இரண்டாம் நாளே ஊறப்போட்டு மறந்த துணி போல ஒரு வாடை. காதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பையனிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் “ஃபங்கஸ்க்கா, எங்ககிட்ட க்ரீம் இருக்கு” என்றான். மாத்திரை போட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளை க்ரீம், 450 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தடவச் சொன்னான். வாரத்துக்கு இரண்டு குளியல் ஆக்கினால் சீக்கிரம் சரியாகும், அதற்குத் தனியாக 3,000 ஆகும் என்றான். நல்ல வேளை, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

க்ரீம் என்னவோ மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. நாலே நாளில் சிவப்பு போய்விட்டது, அரிப்பும் நின்றது. இன்னும் இரண்டு டப்பா வாங்கினேன். அப்புறம்தான் ஆரம்பித்தது. மல்லி கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாதவள் ராத்திரியில் ஹாலிலேயே மூத்திரம் போய்விட்டாள். க்ரீமை நிறுத்தினால் இரண்டே நாளில் முன்னைவிட மோசம். தடவிய இடத்தைச் சுற்றி முடி வட்டமாகக் கொட்டியது, உள்ளே கொப்புளங்கள். பையன் அப்போதும் விடவில்லை. “மழை சீசன்க்கா, எல்லா நாய்க்கும் இப்படித்தான்.”

கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மூன்று ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் மாட்டேன் என்றார்கள், நாலாமவர் 200 ரூபாய் கூடக் கேட்டார். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. எப்போது போனாலும் கூட்டம்தான். எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, பின்னால் கூடைக்குள் இரண்டு பூனை. காத்திருக்கும் பொறுமை இருந்தால் போகலாம்.

டாக்டரம்மா மல்லியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது, “என்ன தடவுனீங்க?” டப்பாவைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிளேடால் தோலை, லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி கண்ணாடித் தகட்டில் வைத்தார். இன்னோர் இடத்தில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்தார். அரைமணி நேரத்தில் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். சுருட்டுப் போல நீளமாக, குட்டிக் குட்டிக் கால்களோடு நெளிந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிப் பூச்சி. டேப்பில் மலசேசியா என்ற ஈஸ்டும், அதாவது ஒரு வகைப் பூஞ்சையும் இருந்தது. பிசுபிசுப்புக்கும் அந்த வாடைக்கும் காரணம் இந்த இரண்டாவது ஆள்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். டெமோடெக்ஸ் அநேகமாக எல்லா நாயின் முடிக்குழியிலும் கொஞ்சம் இருக்கும். பிறந்த சில நாளில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கியே வைத்திருக்கும். மனிதர்களுக்கு ஒட்டாது, மகன் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் ஸ்டீராய்டு பட்டால் அந்தக் காவல் போய்விடும், பூச்சி பெருகிவிடும். அரிப்பு நின்றது குணமானதால் இல்லை, க்ரீமில் இருந்த ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கியதால். நாய் க்ரீமை நக்கும், மருந்து வயிற்றுக்குள் போகும், தாகமும் மூத்திரமும் அதனால்தான். அன்று சாயங்காலம் பையனிடம் நயமாகப் பேசி அந்த க்ரீம் வந்த ட்யூபின் போட்டோவை வாங்கினேன். மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக்கு மனிதர்கள் வாங்கித் தடவும் கூட்டு க்ரீம். குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாட்டிக்.

டாக்டரம்மாவிடம் குளியலைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நம்மைப் போல நாய்க்கு உடம்பு முழுக்க வியர்த்து ஊற்றுவதில்லை, பாதங்களில்தான் முக்கியமாக வியர்க்கும். அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோலின் பிஹெச் (அமில, கார அளவு) கிட்டத்தட்ட 5.5, நாய்க்கு அது 7-ஐ ஒட்டி இருக்கும். அதனால் நம் ஷாம்பு அதற்குச் சேராது. நோயில்லாத லேப்ரடாருக்கு மாதம் ஒரு குளியல் போதும், நடுவில் சேற்றில் புரண்டால் வெறும் தண்ணீர் போதும். முக்கியம் காயவைப்பது. அடிமுடி காயாமல், காதுக்குள் ஈரத்தோடு விட்டால் ஈஸ்டுக்கு விருந்துதான். குளித்த இரண்டே நாளில் வாடை திரும்புகிறது என்றால் அது அழுக்கே இல்லை, தோலையோ காதையோ காட்ட வேண்டும் என்றார். நாங்களோ வாடை வரவர இன்னும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது மல்லிக்கு மாதம் ஒரு மாத்திரை. வலிப்பு வரும் நாய்களுக்கு இதை யோசித்துத்தான் தருவார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொண்டு எழுதினார். வாரம் இரண்டு முறை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஷாம்பு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திரும்பவும் குளியலா என்று. இது மருந்து, சரியானதும் நிறுத்திவிடுவோம் என்றார். நுரையைப் போட்டு 10 நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாத்ரூமில் அவளோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வண்டியில் போட்டதும் அலசிவிடுவார்கள். அது நிஜமாகவே மருந்து ஷாம்பாக இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

வண்டிப் பையனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்க நாய்க்குப் பிறவியிலேயே வீக் ஸ்கின்க்கா” என்றான். முதலாளி என்று ஒருவர் பேசினார், பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாதாம். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம், க்ரீம் கொடுத்தது யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்டேன். குரல் இறங்கியது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லப்போகிறேன் என்றதும், மீதமிருந்த ஒரு குளியலுக்கான 800 ரூபாயை அனுப்பினார். க்ரீமுக்குக் கொடுத்தது போனது போனதுதான். என்னிடம் பில்லும் இல்லை, டப்பாவில் பெயரும் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது?

எல்லா வண்டியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஷாம்பு கேனில் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள், துண்டை நீங்களே கொடுங்கள், பில் வாங்குங்கள். குளிப்பாட்ட வந்தவர் க்ரீமோ ஊசியோ எடுத்தால் அத்தோடு அனுப்பிவிடுங்கள். தோலைச் சுரண்டிப் பார்க்காமல் இது ஃபங்கஸ், இது பூச்சி என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை.

போன வாரம் சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் இல்லை என்று வந்தால்தான் மாத்திரையை நிறுத்துவார்களாம். வயிற்றில் மெல்லிசாக முடி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தெருவில் அந்த வண்டியின் ஹாரன் கேட்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் வருகிறாள்.